மல்லி வந்தால் வேண்டாம்

எங்கள் வீட்டில் ஒரு முடிவெடுக்க வேண்டும் என்றால் நான் முதலில் போவது பூக்கார அக்காவிடம்தான். சேலையூர் கேம்ப் ரோட்டில், பஸ் நிற்கும் இடத்தைத் தாண்டி, மருந்துக்கடை ஓரமாக அவர் கூடை வைத்திருப்பார். ஒரு முழம் மல்லியோடு நாலு செவ்வரளியும் கேட்டால் போதும், விஷயம் அவருக்குப் புரிந்துவிடும்.

"இன்னாக்கா, சாமியாண்ட கேக்கப் போறியா? இந்த தபா இன்னா மேட்டரு?"

"வீட்டு விஷயம்தான்க்கா."

"கேளு, கேளு. நானும் என் வூட்டுக்காரனைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும். அப்ப நான் பூ விக்கல, இன்னா பண்றது!"

பூக்கட்டிப் பார்ப்பது என்று சொல்வோம். வாழை இலையில் இரண்டு துண்டு கிழித்து, ஒன்றில் மல்லி, ஒன்றில் செவ்வரளி வைத்து மடித்து, வாழைநாரால் கட்ட வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்க வேண்டும். அம்மன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, இரண்டையும் தாம்பாளத்தில் போட்டுக் குலுக்கி வைத்து, ஒரு குழந்தையைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்வோம். குழந்தைக்கு உள்ளே ஒரு கணக்கு வெளியே ஒரு கணக்கு கிடையாது அல்லவா, அதனால். எந்தப் பூ வருகிறதோ அது அம்மன் வாக்கு.

எந்தப் பூவுக்கு என்ன பதில் என்பதை நான் வாய்விட்டுச் சொல்லிவிடுவேன். மனசுக்குள் வைத்துக்கொண்டால் பிற்பாடு நமக்குத் தோதாக மாற்றிக்கொள்வோமோ என்று பயம். சாமி விஷயத்தில் நான் அவ்வளவு நேர்மை பார்த்தேன். அந்த நேர்மைதான் என் காலை வாரியது என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

எடுக்கும் குழந்தை எப்போதும் என் மகள்தான். ஒரே மகள். நாலு வயதில் ஆரம்பித்தாள். பெரிய ஃப்ரிட்ஜ் வாங்கலாமா, பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் வாடகை குறைவாக ஒரு வீடு இருக்கிறதாமே அங்கே குடி போகலாமா, ஊர்ச் சண்டையை மறந்து நாத்தனார் வீட்டுக் காதுகுத்துக்குப் போகலாமா, எல்லாவற்றுக்கும் அவள் கைதான். மல்லி வரும். மல்லிதான் வரும். மல்லி என்றால் வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார்.

"உன் அம்மனுக்குப் புதுசா எதுவுமே புடிக்காது போலிருக்கே!"

"வாயைக் கழுவுங்க" என்பேன்.

அவர் ஏ.சி. மெக்கானிக். மகளுக்கு எட்டு வயதாக இருந்தபோது துபாயிலிருந்து அவருடைய கூட்டாளி ஒருவர் போன் செய்தார். நல்ல கம்பெனி, தங்க இடம் கொடுக்கிறார்கள், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வரலாம், தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் ஏஜென்ட் ஆபீஸ் இருக்கிறது, போய்ப் பார் என்றார். இவர் பத்து நாள் யோசித்தார். சாப்பிடும்போது யோசித்தார், ஸ்கூட்டரைத் துடைக்கும்போது யோசித்தார். கடைசியில், "என்னால முடியல. நீ கேட்டுச் சொல்லு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் கேட்டேன். "அம்மா தாயே, மல்லி வந்தா வேணாம். அரளி வந்தா போகட்டும்" என்று சொல்லிவிட்டுத் தாம்பாளத்தைக் குலுக்கினேன். பாவாடை சட்டையில் வந்து உட்கார்ந்த என் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குனிந்து, ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். பிரித்தேன். மல்லி. அவர் "சரி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டூல்ஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

அதன் பிறகு ஒன்பது வருஷம் ஓடியது. மகள் பன்னிரண்டாவது படிக்கும்போது, ஒரு அபார்ட்மென்டில் வெளிப்பக்கம் மாட்டியிருந்த ஏ.சி. யூனிட்டைக் கழற்றப் போன இடத்தில் ஏணி சரிந்து அவர் விழுந்தார். வலது காலில் தகடு வைத்தார்கள். மாடி ஏறி இறங்கும் வேலை அத்தோடு போயிற்று. இப்போது முன்னறையில் மேஜை போட்டு உட்கார்ந்து ஏ.சி.க்குள் இருக்கும் போர்டுகளைப் பழுது பார்க்கிறார். கை சுத்தம் என்று பெயர் வாங்கியிருக்கிறார், கடைக்காரர்கள் தேடி வந்து கொடுக்கிறார்கள். ஆனாலும் மழைக்காலத்தில் கால் வலிக்கும்போது வாயைத் திறக்காமல் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரிடமும் நான் ஒரே கதையைச் சொன்னேன். "துபாய் போக வேண்டியவரு. அம்மன் வேணாம்னுட்டா, இருந்துட்டாரு. இங்க விழணும்னு எழுதியிருக்கு. எழுதினதை அழிக்க முடியுமா?" இதைச் சொல்லும்போதெல்லாம் என் மகள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அப்பா மேல் பாசம், தாங்க முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அந்தக் கதை மருந்து. அது அவளுக்கு என்னவாக இருந்தது என்று நான் பார்க்கவில்லை.

அவள் காலேஜில் சைக்காலஜி எடுத்தாள். பக்கத்து வீட்டு அக்கா, "பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கற படிப்பா?" என்று கேட்டார். இவர் முன்னறையிலிருந்து, "ஆமாங்க, மொதல் கேஸ் எங்க வீட்டுலயே இருக்கு" என்றார். நான் கரண்டியோடு எட்டிப் பார்த்தேன்.

நான் பத்தாவது வரைதான். ஆனாலும் அவள் பரீட்சைக்கு வாய்விட்டுப் படிக்கும்போது கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். ஒருநாள் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். என்னடி அது என்றேன்.

"மனுஷன் செய்யறதெல்லாம் அவனா செய்யறானா, இல்ல ஏற்கெனவே அப்படித்தான்னு ஆயிடுச்சாங்கறதும்மா. பொறந்த ரத்தம், வளர்ந்த வீடு, சின்ன வயசுல நடந்தது, இதெல்லாம் சேர்ந்து உன்னை ஒரு பக்கம் தள்ளிட்டே இருக்கும். நீயா முடிவெடுத்தேன்னு நினைச்சுப்ப. ஆனா அது உன் முடிவே இல்லன்னு ஒரு கட்சி. இல்ல, மனுஷனால தேர்ந்தெடுக்க முடியும்னு ஒரு கட்சி."

"இதுக்கா இவ்ளோ பெரிய புஸ்தகம்? விதி, மதின்னு ரெண்டு வார்த்தையில நாங்க சொல்லிடுவோம்."

"விதின்னா யாரோ எழுதினது. இது அப்படி இல்லம்மா. இதுல எழுதறது வீட்டுல இருக்கறவங்க" என்றாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள். அன்றைக்கும் எனக்கு உறைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் எதையும் தானாகத் தேர்ந்தெடுக்க மாட்டாள். சுடிதார் கடைக்குப் போனால் பச்சையையும் ஊதாவையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். "நீயே சொல்லும்மா." ஹோட்டலில், "உங்களுக்கு என்னவோ அதே எனக்கும்." எவ்வளவு அடக்கமான பெண் என்று நான் ஊரெல்லாம் பெருமை அடித்தேன். அப்படி ஒரு பெண்ணைப் பெற்றதற்கு அம்மனுக்கு மாவிளக்குக் கூடப் போட்டேன்.

இந்த வருஷம் அவளுக்குக் கோயம்புத்தூரில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. அவள் கேட்ட படிப்பு, ஹாஸ்டலோடு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் வருகிறேனா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இடம் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். ஒரு வாரமாக அவள் சரியாகச் சாப்பிடவில்லை. போனை எடுப்பாள், வைப்பாள். "நீ சொல்லும்மா" என்பாள். அப்பாவிடம் கேட்டால், "உன் படிப்பு பாப்பா, உனக்கு எப்படித் தோணுதோ" என்பார். அது அவளுக்குப் பதிலாகப் படவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். எனக்குக் கேட்காது என்று நினைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் பூக்கார அக்காவிடம் போனேன்.

விளக்கேற்றி, பொட்டலம் கட்டி, தாம்பாளத்தில் வைத்து அவளைக் கூப்பிட்டேன். தலையைக்கூட வாராமல் வந்து நின்றாள்.

"பக்கத்து வீட்டுக் குழந்தை ஸ்கூலுக்குப் போயிடுச்சு. நீயே எடு கண்ணு. எனக்கு நீயும் குழந்தைதானே."

அவள் உட்கார்ந்தாள். நான் கண்ணை மூடிக் கைகூப்பிச் சொன்னேன். "அம்மா தாயே, மல்லி வந்தா வேணாம், இங்கயே இருக்கட்டும். அரளி வந்தா போகட்டும்."

தாம்பாளத்தைக் குலுக்கிக் கீழே வைத்தேன். அவள் கையை நீட்டவில்லை.

"ஏம்மா எப்பவும் மல்லியை வேணாம்னு வெக்கற?"

"என்னடி கேள்வி இது? ஏதோ ஒண்ணை வெக்கணும்."

"எப்பவும் மல்லி வந்தா வேணாம். ஃப்ரிட்ஜுக்கு, வீட்டுக்கு, அத்தை வீட்டுக் காதுகுத்துக்கு, அப்பாவுக்கு. ஒரு தடவைகூட மாத்தினதில்ல. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

"சரி, இருக்கட்டும். எடு. நேரம் ஆகுது."

"அம்மா, நீ என்னைக் கண்ணை மூடச் சொன்ன. மூக்கை மூடச் சொல்லல."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவள் குனிந்து, இரண்டு பொட்டலத்துக்கும் மேலே முகத்தைக் கொண்டுபோய், இடது பக்கத்தில் இருந்ததைத் தொட்டாள். "இது மல்லி" என்றாள். பிரித்தேன். மல்லிதான். அரளிக்கு வாசனை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இலைக்குள் மடித்தாலும் மல்லி மல்லிதான். இத்தனை வருஷம் மூக்கோடுதான் நானும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"மத்ததெல்லாம் சும்மா, வாசனை புடிச்சு எடுத்தேன். ஆனா அப்பா விஷயத்துல தெரிஞ்சுதான் எடுத்தேன். அப்பா போகக் கூடாதுன்னு எடுத்தேன். சாமி சொல்லலம்மா. நான்தான் சொன்னேன்." தாம்பாளத்தைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். "போயிருந்தா அப்பா விழுந்திருக்க மாட்டாரு. நீ ஒவ்வொருத்தர்கிட்டயும் அம்மன் சொன்னா, எழுதியிருக்குன்னு சொல்றப்போ எனக்கு எப்படி இருக்கும்? எழுதினது நான்மா. இப்ப எதைத் தொடவும் பயமா இருக்கு. நான் எதை எடுத்தாலும் யாருக்காவது ஏதாவது ஆயிடும்."

எட்டு வயதில் எடுத்த ஒரு பொட்டலத்தை இருபத்தொரு வயது வரைக்கும் இந்தப் பெண் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள். அடக்கம் என்று நான் பெருமைப்பட்டது இதைத்தான். பச்சைச் சுடிதாரையும் ஊதாச் சுடிதாரையும் பிடித்துக்கொண்டு அவள் நின்றது என் கண்ணுக்குள் வந்தது. அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டேன்.  தலையைக் கோதினேன், சிக்காக இருந்தது, விரலாலேயே பிரித்துவிட்டேன்.

அப்போதுதான் அவள் கேட்ட கேள்வி எனக்கே திரும்பி வந்தது. நான் ஏன் மல்லியையே வேண்டாம் என்று வைத்தேன்? சின்ன வயதிலிருந்து அவளுக்கு மல்லி என்றால் பித்து. பூ வாங்கி வந்தால் பையைத் திறப்பதற்கு முன்பே, "மல்லிதானே?" என்று ஓடி வருவாள். அவள் கை மல்லிக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும் என்று சத்தியம் செய்ய முடியாது. தெரியாது என்றும் சத்தியம் செய்ய முடியாது. அம்மன் முன்னால் உட்கார்ந்துகொண்டு பொய் சொல்லக் கூடாது.

"என் அப்பா பம்பாயில வேலை பார்த்தாரு, தெரியுமில்ல?" என்றேன். "ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு. ஒரு தடவை அவரு வந்து வாசல்ல நின்னப்போ நான் உள்ள ஓடி, 'யாரோ மாமா வந்திருக்காங்க'ன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவரு மட்டும் சிரிக்கல. செருப்பைக் கழட்டாம ரொம்ப நேரம் நின்னாரு."

அவள் மடியிலிருந்து முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"உங்கப்பாவை நீ மாமான்னு கூப்பிடக் கூடாதுன்னு எனக்குள்ள இருந்திருக்கும்டி. பூவை அப்படி வெச்சது நான். நீயா எடுத்தேன்னு நினைச்சுக்கற. உன் கைக்கு நேரா நான் வெச்சுத் தந்திருக்கேன். எட்டு வயசுப் புள்ள, உன்மேல என்ன தப்பு?"

"அப்ப உன் தப்பா? உங்கப்பா தப்பா? இப்படியே போனா எங்கம்மா முடியும்?" அழுகையிலும் அவள் படித்த பிள்ளை மாதிரியே கேட்டாள்.

முன்னறையில் மேஜையை நகர்த்தும் சத்தம் கேட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து வாசற்படியில் நின்றார். போர்டில் ஈயம் வைக்கும் கம்பியைக்கூடக் கீழே வைக்காமல் கையோடு வந்திருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறது.

"என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து என் முடிவைப் பங்கு போட்டுக்கறீங்களா?"

கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

"பூ வந்ததுக்கப்புறம் ரெண்டு நாள் வேலைக்குப் போகாம ஏஜென்ட் ஆபீஸ் எதிர்ல போய் நின்னேன். உங்கம்மாகிட்ட சொல்லல. ஃபாரத்தை ஜோபில மடிச்சு வெச்சிருந்தேன். போட்டோகூட எடுத்துட்டேன். எதிர்ல டீ குடிச்சிட்டு நிப்பேன், உள்ள போறவங்களைப் பாப்பேன். ரெண்டாவது நாள் மத்தியானம் திரும்பி நடந்துட்டேன். பூ என் கையையும் கட்டல, காலையும் கட்டல. அன்னிக்கு எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஏன்ப்பா போகல?"

"பயமா, உங்க மேல பாசமா, எனக்கே தெரியாது. ரெண்டும்தான்னு வெச்சுக்கயேன். ஆனா திரும்பி நடந்தவன் நான்தானே? பூ கட்டினது உங்கம்மா. எடுத்தது நீ. போகாதது நான். ஏணிக்கு அடியில கல்லு ஆடுதுன்னு தெரிஞ்சும், அஞ்சு நிமிஷ வேலைதானேன்னு ஏறினதும் நான்தான். அதையும் ஏன் பாப்பா நீ தூக்கிக்கற? எனக்குன்னு ஒண்ணாவது விட்டு வைங்களேன்."

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருக்கு வலித்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நாலு வருஷமாக வந்தவர் போனவரிடமெல்லாம், எழுதியிருந்தது, விழுந்தார் என்று சொல்லிச் சொல்லி, அவரை நான் ஒரு மூட்டை மாதிரி ஆக்கி வைத்திருந்தேன். யாரோ தூக்கினார்கள், யாரோ போட்டார்கள் என்பது போல. ஒருநாளும் அவர் மறுத்துப் பேசவில்லை. எனக்கு அது மருந்து என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

மகள் எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டாள். அவர் கம்பி சுட்டுவிடும் என்று கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டார். "ஏய், சூடா இருக்கு, சூடா இருக்கு" என்றார். அவள் விடவில்லை.

நான் எழுந்து இன்னொரு பொட்டலத்தையும் பிரித்தேன். மல்லியை அம்மன் படத்துக்கு வலப்பக்கம் வைத்தேன், அரளியை இடப்பக்கம் வைத்தேன். இத்தனை வருஷமாகப் பதில் கேட்டு நச்சரித்தேனே தவிர, பதில் சொல்லத் தைரியம் கொடு என்று ஒருநாளாவது கேட்டேனா என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அதைக் கேட்டேன். எனக்காகவும் கேட்டேன்.

அவள் அன்றைக்கு மத்தியானம் வரைக்கும் அறைக்குள் நடந்துகொண்டே இருந்தாள். நான் போய் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று மணிக்கு வெளியே வந்து, முன்னறை வாசலில் நின்று, கோயம்புத்தூருக்குப் போன் செய்தாள். பேசியது இங்கிலீஷ். ஆனால் "வரேன்" என்று சொல்வது எந்த பாஷையிலும் காதுக்குத் தெரிந்துவிடும். போனை வைத்தாள். "தப்பா இருந்தா?" என்றாள் எங்கள் இருவரையும் பார்த்து.

"தப்பா இருந்தா பஸ் ஏறித் திரும்பி வா" என்றார் அவர். "பெருங்களத்தூர்ல வந்து ஸ்கூட்டர்ல கூட்டிட்டு வரேன். பிரேக் மெதுவாப் போடுவேன், அவ்வளவுதான்."

அவள் கிளம்பிய அன்று பூக்கார அக்காவிடம் மல்லி மட்டும் வாங்கினேன். "அரளி வேணாமா? இன்னிக்கு ஒண்ணும் கேக்கலியா?" என்றார். "பொண்ணு ஊருக்குப் போறாக்கா, தலைக்கு வைக்க" என்றேன். அரை முழம் கூடுதலாக நறுக்கிக் கொடுத்தார்.

ஹாஸ்டலுக்குப் போன மறுநாள் காலையில் அவள் போன் செய்தாள். நான் அடுப்பில் பாலை வைத்திருந்தேன்.

"அம்மா, ரூம்ல ரெண்டு கட்டில் காலியா இருக்கு. ஒண்ணு ஜன்னல் பக்கம், ஒண்ணு கதவுப் பக்கம். எதை எடுத்துக்கட்டும்?"

கதவுப் பக்கம் என்று என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ராத்திரி ஜன்னலில் குளிர் அடிக்கும், பூச்சி வரும், கதவுப் பக்கம் என்றால் எழுந்து ஓடி வரத் தோது. ஆயிரம் காரணம் அந்த ஒரு நொடியில் வரிசையாக வந்து நின்றன. பால் பொங்கி வந்தது. நான் அடுப்பை அணைத்தேன், வாயைத் திறக்கவில்லை. அந்தப் பக்கம் அவள் மூச்சு விடுவது கேட்டது. வேறு பெண்கள் பேசும் சத்தம், எங்கோ வாளி உருளும் சத்தம்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன் கண்ணு."

"சரி. ஜன்னல் பக்கம் எடுத்துக்கறேன். வெளிய ஒரு மரம் தெரியுது" என்றாள்.

நன்றாக இரு என்று சொல்லிப் போனை வைத்தேன். அம்மா தாயே, அவ்வளவு நேரம் நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேனே, அது நானா, நீயா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பாலை எடுத்து ஆற்றி, அவருக்குக் காபி கலக்கப் போனேன்.